'ரெண்டு ஊசியையும் ஒண்ணா போட்டா என்ன சிஸ்டர்?'

பச்சிளம் குழந்தைகள் வார்டு. கையில் மாட்டியிருக்கும் வென்ஃப்ளான் வழியாக நர்ஸ் ஒரு மருந்தைச் செலுத்துகிறார். பிறகு கொஞ்சம் சலைன். அதன்பிறகுதான் அடுத்த மருந்து. 'ஒவ்வொரு தடவையும் புள்ள அழுவுதே, ரெண்டையும் கலந்து ஒரேடியா போட்டுடக் கூடாதா?' என்று பாட்டிகள் கேட்பது வழக்கம்தான். ஆனால், அந்த இடைவெளியில்தான் குழந்தையின் சிகிச்சையே இருக்கிறது!

பச்சிளம் குழந்தைகளின் ரத்தத்தில் கிருமித் தொற்று ஏற்பட்டால், பெரும்பாலும் ஆம்பிசிலின், ஜென்டாமைசின் ஆகிய இரண்டு ஆன்டிபயாடிக்குகளும் தரப்படும். உடலுக்குள் இவை நல்ல ஜோடி. ஆம்பிசிலின் கிருமியின் சுவரைத் தகர்க்கும். ஜென்டாமைசின் உள்ளே நுழைந்து, கிருமி புரதம் தயாரிப்பதைக் குலைக்கும்.

ஆனால், ஒரே சிரிஞ்சிலோ பாட்டிலிலோ கலந்தால் இதே ஜோடி எதிரிகளாகிவிடும். பென்சிலின் குடும்ப மருந்துகளின் உயிர்நாடி 'பீட்டா லாக்டம்' என்ற வளையம். ஜென்டாமைசினில் உள்ள அமைன் பகுதி அந்த வளையத்தோடு வினைபுரிந்து ஒட்டிக்கொள்ளும். பென்சிலின் வகை மருந்தின் அளவு அதிகம் என்பதால், பெரிய இழப்பு ஜென்டாமைசினுக்குத்தான். நிறம் மாறாமல், கலங்காமல்கூட மருந்து வீரியம் இழக்கலாம் என்பதுதான் ஆபத்து.

ரத்தத்தில் கலக்காதா?

கலக்கும். ஆனால், அங்கே இரண்டுமே வெகுவாக நீர்த்துப்போகும், சிறுநீரகமும் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் உடலுக்குள்ளும் இந்த வினை நடக்கலாம் என்பதால், கூடுதல் கவனம் தேவை.

சில ஜோடிகள் கண்ணுக்குத் தெரியும்படியே முறைத்துக்கொள்ளும். வான்கோமைசினோடு செஃப்ட்ரியாக்சோன் சேர்ந்தால் கரைசல் கலங்கிப் படிவு உண்டாகும். செஃப்ட்ரியாக்சோனுக்குக் கால்சியமும் ஆகாது. இரண்டும் சேர்ந்து உருவான துகள்கள் நுரையீரல், சிறுநீரகத்தில் படிந்து பச்சிளம் குழந்தைகள் இறந்ததை அடுத்து, 2007-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ எச்சரிக்கை வெளியிட்டது.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது

சிப்ரோஃப்ளாக்சசின், டாக்ஸிசைக்ளின் மாத்திரைகளைக் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, அசிடிட்டி சிரப் ஆகியவற்றோடு சேர்த்து விழுங்காதீர்கள். சிப்ரோவைப் பாலோடும் குடிக்க வேண்டாம். மருந்து ரத்தத்தில் சேர்வது குறைந்துவிடும். எத்தனை மணி நேர இடைவெளி என்று டாக்டரிடம் கேட்டு, அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

அடுத்த முறை வார்டில் சிஸ்டர் நிதானமாக சலைன் செலுத்தினால் அவசரப்படுத்தாதீர்கள். அந்த ஓரிரு நிமிடம், மருந்து முழு வீரியத்தோடு குழந்தையைப் போய்ச் சேருவதற்கானது.