மலையேறும் டர்போ எஞ்சினும் ஹெட் கேஸ்கட்டும்

மூணாறுப் பக்கம் டர்போ டீசல் ஜீப்போ காரோ ஓட்டுகிறீர்களா? "ஹெட் கேஸ்கட் போயிடுச்சு" என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பில் பெரிதாக வரும். எதனால் போனது என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் விளக்குவதில்லை.

அது எங்கே இருக்கிறது? பிஸ்டன் ஏறி இறங்கும் கீழ்ப்பகுதி பிளாக். அதன்மேல் மூடியாக உட்காருவது ஹெட். இரண்டுக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும் தகடுதான் கேஸ்கட். எரியும் வாயு, தண்ணீர், ஆயில் மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் தடுப்பது அதன் வேலை.

டர்போ இருந்தால் என்ன கூடுதல் சுமை? டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று காற்றை அழுத்தித் தரும் விசிறி) அதிகக் காற்றை உள்ளே தள்ளுகிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் மூணாற்றில் காற்று ஏறக்குறைய 15 சதவீதம் மெலிந்திருக்கும். டர்போ இல்லாத வண்டி அங்கே திணறும், டர்போ ஈடுகட்டிவிடும். ஆனால் காற்று கூடினால் டீசல் கூடும், சிலிண்டருக்குள் அழுத்தமும் கூடும்.

எவ்வளவு? டர்போ டீசலில் உச்ச அழுத்தம் 150 பார் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் 150 மடங்கு) வருவது வழக்கமே. 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் இது ஹெட்டை ஏழரை டன் விசையோடு மேலே தள்ளும். கிட்டத்தட்ட இரண்டு காட்டு யானைகளின் எடை, ஒவ்வொரு வெடிப்புக்கும்.

இதைத் தாங்குவது கேஸ்கட்டா? இல்லை, ஹெட் போல்ட்டுகள். முறுக்கும்போது போல்ட் கொஞ்சம் நீண்டு, திரும்பச் சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்புதான் ஹெட்டைப் பிடித்து வைக்கிறது. இழுப்பு குறைந்தால் ஹெட் மயிரிழை தூக்கும், வாயு நுழையும், அப்புறம் தகடு கருகும். கேஸ்கட்டை மட்டும் மாற்றிவிட்டு வந்தவர்கள் சில மாதத்தில் திரும்ப ஒர்க்‌ஷாப்புக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரேஸ்காரர்கள் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவின் டாப் ஃபியூல் என்னும் ரேஸ் வண்டிகளில் சிலிண்டரைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, அதில் ஸ்டீல் கம்பி வளையம் பதித்து, மேலே செம்புத் தகடு வைத்து இறுக்குகிறார்கள். கம்பி செம்பைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். அதையே நம் ஜீப்புக்கும் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். அந்த எஞ்சினுக்குள் தண்ணீரே ஓடாது. ஓட்டம் சில விநாடிதான், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எஞ்சினைப் பிரித்து மாட்டுவார்கள். செம்பு வாயுவை நன்றாகத் தடுக்கும், தண்ணீரைத் தடுப்பதில் அவ்வளவு கெட்டி இல்லை. உங்களுக்குக் கம்பெனி சொல்லும் கேஸ்கட்டே சரி. இப்போதைய எஞ்சின்களில் பெரும்பாலும் அது பல அடுக்கு ஸ்டீல் தகடு.

மலையில் ஏன் அதிகம் போகிறது? அழுத்தத்தைவிடச் சூட்டால்தான். போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு முதல் கியரில் கல் பாதை. எஞ்சின் முழு மூச்சில் உழைக்கும், வண்டி நடை வேகத்தில் நகரும். ரேடியேட்டரில் படக் காற்று இருக்காது. பல எஞ்சின்களில் ஹெட் அலுமினியம், பிளாக் இரும்பு. அலுமினியம் இரும்பைப் போல் சுமார் இரண்டு மடங்கு விரியும். சூடு எல்லை மீறினால் ஹெட் வளைந்துவிடும். வளைந்த ஹெட்டில் எந்த கேஸ்கட்டும் நிற்காது.

இன்னொன்று, மூணாற்றில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். அதைத் தள்ளிப்போடுவது ரேடியேட்டர் மூடி உள்ளே தேக்கி வைக்கும் அழுத்தம். மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்; செலவு சொற்பம். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டாதீர்கள். கூலன்ட் கலந்தால் கொதிநிலை உயரும், துரு பிடிக்காது. ஜனவரியில் உறைபனி விழும் ஊருக்கு அது வேறு விதத்திலும் தேவை.

எப்படிக் கண்டுபிடிப்பது? வெளியே ஒழுக்கு இல்லாமல் கூலன்ட் குறையும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே ரேடியேட்டர் ஹோஸ் கல்லாகும். கூலன்ட் டப்பாவில் குமிழி வரும். ஆயில் வெளுத்துக் குழம்பும். சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தால்? பனிக்காலக் காலையில் எல்லா வண்டியும் அப்படித்தான் விடும், பயப்படாதீர்கள். எஞ்சின் சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் காட்டிவிடுங்கள்.

வழியில் டெம்பரேச்சர் முள் ஏறினால்? ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். வண்டிக்குள் வேகும், எஞ்சின் கொஞ்சம் தணியும். அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள். முள் சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ உடனே ஆஃப். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பக்கத்தில் அருவி இருக்கிறதே என்று ஜில் தண்ணீரைப் பிடித்து எஞ்சினில் ஊற்றவும் கூடாது. ஹெட் விரிசல் விடும். கையால் தொட முடிகிற அளவு ஆறட்டும்.

ரேடியேட்டரில் ஊற்றும் ஒழுக்கு அடைப்பான்? ஊர் வந்து சேர உதவலாம். ரேடியேட்டரையும் சேர்த்து அடைத்துவிடும் ஆபத்து உண்டு.

ஒர்க்‌ஷாப்பில் எதைக் கேட்டு வாங்க வேண்டும்? முதலில், ஹெட் தட்டையாக இருக்கிறதா என்று ஸ்டீல் ஸ்கேலும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து உங்கள் கண்முன் பார்க்கச் சொல்லுங்கள். 0.1 மில்லிமீட்டர் வளைவே பல எஞ்சின்களுக்கு அதிகம். வளைந்திருந்தால் லேத் பட்டறையில் கொடுத்து ஃபேஸிங் (தட்டையாகச் சீவுதல்) செய்ய வேண்டும்.

அடுத்தது போல்ட். நாம் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கும், மீதி உராய்வுக்கே போய்விடும். மரையில் அழுக்கு இருந்தால் டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு காட்டும் ஸ்பானர்) சரியான எண்ணைக் காட்டும், பிடிப்பு மட்டும் இருக்காது. போல்ட் துளையில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால் பிளாக்கே வெடிக்கலாம். துளையைச் சுத்தம் செய்யாமல் மாட்டுபவரிடம் வண்டியை விடாதீர்கள். கம்பெனி புது போல்ட் போடச் சொன்னால் பழையது வேண்டாம். நிரந்தரமாக நீண்டுவிட்டது மறுபடி அதே பலத்தில் இழுக்காது.

கம்ப்யூட்டரில் மாற்றி டர்போ அழுத்தத்தைக் கூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்த ஏழரை டன் எவ்வளவாகும், போல்ட் அதே போல்ட்தானே என்று கேளுங்கள்.