ரேஸ் காரில் பவர் ஸ்டியரிங் ஆயில்

இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் பல வருஷம் ஓடிய பழைய ஹோண்டா சிட்டிக்கு கம்பெனியிலிருந்தே ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங்தான். எல்ஜிபி ஃபார்முலா மாதிரி எடை குறைந்த ஒற்றை இருக்கை கார்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை.

பிரச்சினை பம்பில் ஆரம்பிக்கிறது. அது பெல்ட் வழியாக எஞ்சினோடு சேர்ந்து சுற்றும். நம்ம மிஷன் வீதியில் வண்டியை ஒடித்துப் பார்க் பண்ணும்போது, எஞ்சின் 800 ஆர்பிஎம்மில் இருந்தாலும், போதுமான ஆயில் தரணும் என்றுதான் அதை வடிவமைக்கிறார்கள். ரேஸில் எஞ்சின் 6000-ஐத் தாண்டியே ஓடும். தேவைக்கு மேல் வரும் ஆயிலை ஒரு வால்வு பம்புக்குள்ளேயே திருப்பி விடும். அந்த வெட்டிச் சுற்றல்தான் சூடு. அகல டயர், சென்னை வெயில் எல்லாம் அதற்கு மேல்.

சூடான ஆயில் நீர்த்துப்போகும், காற்றோடு கலந்து நுரைக்கும். நுரை அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால் வளைவின் நடுவே ஸ்டியரிங் திடீரென்று கனக்கும். அதைவிட மோசம், டாங்கியிலிருந்து பொங்கி வழிந்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுவது. தீப்பிடிக்க அது போதும்.

"எந்த பிராண்ட் நல்லது?" என்பது இரண்டாவது கேள்வி. முதலில் பம்பும் சீலும் எதைக் கேட்கின்றன என்று பார்க்கணும். சில கார்களுக்கு டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப்; பல ஜெர்மன் கார்களுக்குப் பச்சை நிற சிஹெச்எஃப் 11எஸ்; ஹோண்டாவுக்கு அவர்களுடைய ஆயில் மட்டும், ஏடிஎஃப் ஆகாது. ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல் உப்பிப் போய்விடும். சரியான வகை தெரிந்தபின், அதிலேயே சிந்தெடிக் கிடைத்தால் வாங்கலாம். ஒழுகலை அடைக்கும் மருந்துகளை ரேஸ் காரில் நான் ஊற்றமாட்டேன். சீலை மாற்றுவதுதான் வேலை.

ஆனால் எந்த ஆயிலும் சூட்டை ஓரளவுதான் தாங்கும். பம்புக்குப் பெரிய புல்லி போட்டால் மெதுவாகச் சுற்றும். ரிட்டர்ன் ஹோஸில் ஒரு சின்ன கூலர் வைக்கலாம். டாங்கியை விளிம்புவரை நிரப்பாதீர்கள், சூட்டில் ஆயில் விரியும். கறுத்து, தீய்ந்த வாசனை வந்தால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடணும்.

மாற்றியபின் முன்சக்கரங்களைத் தூக்கி, எஞ்சின் ஆஃபில் ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்பி, ஆயில் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே காற்றை வெளியேற்றணும். குமிழி நின்ற பிறகுதான் ஸ்டார்ட். ஓடும்போது ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்து அப்படியே பிடித்திருக்காதீர்கள்; பம்ப் முழு அழுத்தத்தில் திணறி, ஆயில் வேகமாகச் சூடேறும்.