காமராசர் திட்டமும் 1963 அமைச்சரவை மாற்றமும்

மூத்த அமைச்சர்கள் பதவி விலகிக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்று அன்றைய சென்னை மாநில முதலமைச்சர் கு. காமராசர் 1963இல் முன்வைத்த யோசனையே காமராசர் திட்டம் எனப்படுகிறது. பள்ளிப் பாடங்களில் இதைத் தியாகம் என்று மட்டும் சொல்லிக்கொடுப்போம். அது பாதிக் கதைதான்.

1962 சீனப் போருக்குப் பின் பிரதமர் நேருவின் செல்வாக்கு சரிந்திருந்தது. 1963 இடைத்தேர்தல்களில் அவருடைய கடும் விமர்சகர்களான கிருபளானி, லோகியா, மினூ மசானி மூவரும் வென்று மக்களவைக்குள் வந்தனர். அந்த ஆகஸ்டில் காங்கிரசு காரியக் கமிட்டி திட்டத்தை ஏற்றது. பலர் விலக முன்வந்தனர். யாரை விடுவிப்பது என்று முடிவு செய்தவர் நேரு. மத்திய அமைச்சர்கள் ஆறு பேரும் முதலமைச்சர்கள் ஆறு பேரும் விலகினர். நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய், உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி இருவரும் அதில் அடக்கம்.

நேருவுக்குப் பின் யார் என்ற போட்டியிலிருந்து தம்மை விலக்கவே இந்த ஏற்பாடு என்று மொரார்ஜி கருதினார். அந்த ஐயத்துக்கு இடமுண்டு. 1964 ஜனவரியில் நேரு நோயுற்றதும் சாஸ்திரி இலாகா இல்லாத அமைச்சராகத் திரும்ப அழைக்கப்பட்டார், மொரார்ஜி அழைக்கப்படவில்லை. ஆனால், முழுக்கச் சூழ்ச்சி என்று சொல்லவும் முடியாது. திட்டம் தந்த காமராசரே 1963 அக்டோபர் 2இல் பதவி விலகினார். மீண்டும் முதலமைச்சர் ஆகவில்லை. மாறாக, அகில இந்தியக் காங்கிரசுத் தலைவரானார். 1964 மே மாதம் நேரு மறைந்தபோது, கட்சியின் கருத்தைத் திரட்டிச் சாஸ்திரியைப் பிரதமராக்கியவரும் அவரே. மொரார்ஜி அந்த நாற்காலிக்கு 1977 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.