திருமுழுக்குப் பெறாத குழந்தைகளின் மறுமை: கத்தோலிக்க இறையியலில் 'லிம்போ' கருத்தின் தோற்றமும் மாற்றமும்

ஆய்வுச் சுருக்கம்

திருமுழுக்குப் பெறுமுன் இறக்கும் குழந்தைகளின் மறுமைநிலை குறித்துக் கத்தோலிக்கத் திருச்சபையில் நிலவிவந்த கருத்துகளை இக்கட்டுரை கால வரிசையில் ஆராய்கிறது. 'லிம்போ' என்னும் கருத்து கடுமையின் விளைவன்று. முன்னிருந்த கடுமையைத் தணிக்க எழுந்த ஒரு முயற்சியே என்பதும், 2007ஆம் ஆண்டின் ஆவணம் அக்கருத்தை ஒழித்துவிடவில்லை. வினாவை அறிவின் தளத்திலிருந்து எதிர்நோக்கின் தளத்திற்கு மாற்றியது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன. இவ்வேறுபாட்டைத் தமிழில் உணர்த்துவதில் 'நம்பிக்கை' என்னும் சொல்லின் பொருள் மாற்றம் ஏற்படுத்தும் இடர்ப்பாடும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: திருமுழுக்கு, சென்மப் பாவம், லிம்போ, பேரின்பக் காட்சி, எதிர்நோக்கு.

முன்னுரை

கிறித்தவ மறைநூலின் இரு கூற்றுகள் இச்சிக்கலுக்கு அடிப்படையாக அமைகின்றன. நீராலும் தூய ஆவியாலும் பிறந்தாலன்றி எவரும் இறையாட்சிக்கு உட்பட இயலாது என்பது யோவான் நற்செய்தியின் கருத்து (3:5). எல்லா மனிதரும் மீட்புப் பெறவேண்டும் என்பதே கடவுளின் விருப்பம் என்பது திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தின் கருத்து (2:4). வளர்ந்தவரைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் இணைத்துக் காண்பது எளிது. திருமுழுக்கை விரும்பியும் அதனைப் பெறுமுன் இறந்தவருக்கு அவ்விருப்பமே போதும் என்று திருச்சபை தொன்றுதொட்டுக் கருதிவந்துள்ளது. விரும்பவோ மறுக்கவோ இயலாத பச்சிளங்குழந்தை இறக்கும்போதுதான் இரு கூற்றுகளும் எதிரெதிராக நிற்கின்றன.

இது வெறும் ஏட்டுச்சிக்கலன்று. குழந்தையின் உடலை எங்கே புதைப்பது, அதற்காக இறைவேண்டல் செய்யலாமா, தாய் எவ்வாறு ஆறுதல் கொள்வது ஆகிய வினாக்களுக்கான விடை இதனைச் சார்ந்தே இருந்தது. எனவே கோட்பாட்டு வரலாற்றோடு வழக்காற்று வரலாற்றையும் சேர்த்துக் காண்பது இன்றியமையாததாகிறது.

1. அகுஸ்தினாரும் பெலாஜியரும்

கீழைத் திருச்சபைத் தந்தையருள் நசியான்சு கிரகோரியார் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் திருமுழுக்கைப் பற்றி ஆற்றிய உரையில், இத்தகைய குழந்தைகள் மாட்சியும் அடையார், தண்டனையும் அடையார் என்று கருதினார். மேலைத் திருச்சபையில் இவ்வினா கடும் விவாதத்திற்கு உள்ளானது. ஆதாமின் பாவம் அவர் வழித்தோன்றல்களுக்குப் பிறப்பிலேயே பற்றுவதில்லை என்பது பெலாஜியரின் நிலைப்பாடு. அதன்படி, குழந்தைக்குப் போக்கவேண்டிய பாவம் எதுவுமில்லை. திருமுழுக்குப் பெறாத குழந்தை விண்ணரசை அடையாவிட்டாலும் நிலைவாழ்வை அடையும் என்று அவர் தரப்பினர் இரண்டையும் பிரித்துக் காட்டினர்.

இப்பிரிப்பை ஏற்றால் குழந்தைகளுக்குக் கிறித்துவின் மீட்பே தேவையில்லை என்றாகிவிடும் என அகுஸ்தினார் கண்டார். இறுதித் தீர்ப்பில் வலப்பக்கமும் இடப்பக்கமும் உண்டே தவிர மூன்றாம் இடம் ஒன்றில்லை என்பது அவர் வாதம். ஆகவே அக்குழந்தைகள் தண்டனைக்கு உரியவர்களே. ஆயினும் அத்தண்டனை எல்லாவற்றிலும் மிக மென்மையானது என்றார். கி.பி. 418இல் கூடிய கார்த்தேஜ் சங்கம் பெலாஜியரின் கொள்கையைக் கண்டித்தது. குழந்தைகளுக்கென இடைப்பட்ட ஓர் இடம் உண்டு என்பதை மறுக்கும் விதி அச்சங்கத்தின் சில சுவடிகளில் மட்டுமே காணப்படுகிறது. இப்பாட வேறுபாடு கருதத்தக்கது. மேலை மரபின் மிகக் கடுமையான கூற்றுகளுள் ஒன்று, ஐயத்திற்கு இடமான மூலபாடத்தின்மேல் நிற்கிறது.

அகுஸ்தினாரின் நோக்கம் குழந்தைகளைத் தண்டிப்பதன்று; கிறித்துவின் அருள் அனைவருக்கும் தேவை என்பதைக் காப்பதேயாகும். ஆயினும் அந்த ஒரு நோக்கத்திற்காக அவர் கொடுத்த விலை, அடுத்த பல நூற்றாண்டுகளுக்குச் சுமையாக நின்றது.

2. விளிம்பு: தணிப்பாக எழுந்த கருத்து

பன்னிரண்டாம் நூற்றாண்டில் அபெலார், அகுஸ்தினார் கூறிய 'மிக மென்மையான தண்டனை' என்பதற்குப் புதிய விளக்கம் தந்தார். அது நெருப்பின் வேதனையன்று. கடவுளைக் காணும் பேறு இல்லாமையே என்பது அவ்விளக்கம். 1201இல் திருத்தந்தை மூன்றாம் இன்னசென்ட், ஆர்ல் நகரப் பேராயருக்கு எழுதிய மடலில் இதே திசையில் ஒரு வரையறையை அளித்தார். சென்மப் பாவத்தின் தண்டனை கடவுளின் காட்சியை இழத்தல். தானே செய்த கர்ம பாவத்தின் தண்டனை முடிவில்லா நரக வேதனை. இழப்பையும் வேதனையையும் இவ்வாறு பிரித்ததே லிம்போக் கருத்தின் உயிர்நாடி எனலாம்.

'லிம்புஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு ஆடையின் கரை, விளிம்பு என்பன பொருள். நரகத்தின் விளிம்பிலுள்ள இடம் என்னும் கருத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலார் இச்சொல்லை ஆண்டனர். கிறித்துவுக்கு முன் வாழ்ந்த நீதிமான்கள் காத்திருந்த விளிம்பு ஒன்று. குழந்தைகளின் விளிம்பு மற்றொன்று. முன்னது கிறித்துவின் உயிர்ப்போடு வெறுமையாயிற்று. பின்னதோ நிலையானதாகக் கருதப்பட்டது.

கடவுளைக் காணும் பேற்றை இழந்த குழந்தை அதற்காக வருந்தாதா என்னும் வினாவுக்குத் தோமா அக்குவினார் இரு காலங்களில் இரு விடைகள் தந்தார். இளமைக் காலத்தில் எழுதிய விரிவுரையில், தம் இயல்புக்கு அப்பாற்பட்ட ஒன்று கிட்டாமைக்காக அறிவுடையோர் வருந்துவதில்லை என்றார். பறவைபோல் பறக்க முடியவில்லையே என எவரும் துயருறுவதில்லை என்பது அவர் காட்டிய ஒப்புமை. தீமை பற்றிய பிற்கால நூலிலோ, அக்குழந்தைகள் தாம் இழந்தது இன்னதென்று அறியவே மாட்டார். ஆகவே துயரமும் இல்லை என்றார். இரு விடைகளும் காரணத்தில் வேறுபடினும் முடிவில் ஒன்றுபடுகின்றன. லிம்போ துன்பமற்ற இடம்; இயற்கையான மகிழ்ச்சிக்குரிய இடம்.

இக்கருத்தை இலக்கியத்தில் நிலைநிறுத்தியவர் தாந்தே. அவர்தம் காவியத்தின் நரகப் பகுதியில், நான்காம் காண்டம் லிம்போவைக் காட்டுகிறது. அங்கே குழந்தைகளோடு வர்ஜில், ஓமர் போன்ற சான்றோரும் உள்ளனர். வதையால் எழும் ஓலம் அங்கில்லை. பெருமூச்சு மட்டுமே கேட்கிறது. அக்குவினாரின் ஏரணம் நீக்கிவிட்ட ஏக்கத்தைத் தாந்தேயின் கவிதை மீண்டும் கொண்டுவந்து வைக்கிறது. கோட்பாடு அமைதி கண்ட இடத்தில் மனித உள்ளம் அமைதி காணவில்லை என்பதற்கு இது தொடக்ககாலச் சான்று.

3. கோட்பாட்டின் தகுதிநிலை

லிம்போ எந்நாளும் வரையறுக்கப்பட்ட விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்படவில்லை. 1274இன் இரண்டாம் லியோன் சங்கமும் 1439இன் புளோரன்ஸ் சங்க ஆணையும், சாவான பாவத்தோடோ சென்மப் பாவத்தோடு மட்டுமோ இறப்பவர்கள் கீழுலகம் செல்வர். ஆனால் அவர்தம் தண்டனைகள் சமமல்ல என்று கூறின. அவற்றில் 'லிம்போ' என்னும் சொல் இல்லை. 1547இல் திரெந்து சங்கம், திருமுழுக்கோ அதன்மீதான விருப்பமோ இன்றி ஒருவர் அருள்நிலை அடைய இயலாது என்றது. பதினாறாம் நூற்றாண்டு இறையியலார் கயத்தான், தாயின் வயிற்றிலேயே இறக்கும் குழந்தைக்குப் பெற்றோரின் விருப்பமே போதுமானதாகலாம் என்று கருதினார். திருத்தந்தை ஐந்தாம் பயஸ் அக்கருத்தை அவர் நூலிலிருந்து நீக்கச் செய்தார்.

பிற்காலத்தில் லிம்போவைத் தாக்கியவர்கள் அது கொடியது என்று கூறவில்லை. மிக இளகியது என்றே கூறினர். அகுஸ்தினாரின் கடுமைக்கு மீள விரும்பிய ஜான்சனியர் சார்பில், 1786இல் கூடிய பிஸ்தோயா ஆயர் மன்றம் லிம்போவைப் பெலாஜியரின் கட்டுக்கதை எனப் புறந்தள்ளியது. 1794இல் திருத்தந்தை ஆறாம் பயஸ் அப்பழிப்பைக் கண்டித்தார். இக்கண்டனம் லிம்போவை விசுவாசக் கோட்பாடாக உயர்த்தவில்லை. அதனை ஏற்போர்மீது முறைகேடாகச் சாட்டப்பட்ட பழியைத் துடைத்தது, அவ்வளவே.

4. வழக்காற்றில் கோட்பாடு

ஏடுகளில் தணிப்பாக அமைந்த கருத்து, மண்ணில் அவ்வாறு அமையவில்லை. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, திருமுழுக்கின்றி இறந்தோருக்குத் திருச்சபை அடக்கம் கூடாது என்றது (விதி 1239). திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்துவந்தோருக்கு விலக்கு இருந்தது, குழந்தைகளுக்கு இல்லை. அயர்லாந்தில் இக்குழந்தைகளை ஊர் எல்லையிலும், கைவிடப்பட்ட பழைய கோயில் வளாகங்களிலும், கடலோரங்களிலும் புதைத்தனர். 'கில்லீன்' எனப்படும் இவ்விடங்கள் அந்நாடெங்கும் நூற்றுக்கணக்கில் உள்ளன. இருபதாம் நூற்றாண்டிலும் பயன்பட்டுவந்தன. பெயர் பொறிக்காத சிறு கற்களே பெரும்பாலும் அடையாளம். விளிம்பு என்னும் இறையியல் உருவகம் இங்கே நிலவியலாகவே மாறியதைக் காணலாம்.

பிரான்சு, சுவிட்சர்லாந்து முதலிய பகுதிகளில் மற்றொரு வழக்கம் தோன்றியது. இறந்து பிறந்த குழந்தையின் உடலைப் புகழ்பெற்ற மரியன்னை ஆலயத்திற்குக் கொண்டுசென்று, ஒரு நொடியேனும் உயிர் திரும்ப வேண்டினர். நிறமாற்றமோ அசைவோ தென்பட்டால் உடனே திருமுழுக்கு அளித்துக் கோயில் நிலத்தில் அடக்கம் செய்தனர். பேர்ன் மாநிலத்தின் ஓபர்பியூரனில், உடலைச் சூடேற்றி உதட்டின்மேல் வைத்த இறகு அசைவதை உயிரின் அறிகுறியாகக் கொண்டனர். சீர்திருத்தக் காலத்தில் இடிக்கப்பட்ட அவ்வாலயத்தின் சுற்றுப்புறத்தை 1990களில் அகழ்ந்தபோது இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. உரோமை இவ்வழக்கத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் தடைசெய்தது. மூடநம்பிக்கை என இதனை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், துன்பமற்ற இயற்கை மகிழ்ச்சி தம் குழந்தைக்கு உண்டு என்னும் உறுதிமொழி பெற்றோருக்குப் போதவில்லை என்பதே இதன் உட்பொருள். அவர்கள் அஞ்சியது வேதனையை மட்டுமன்று, பிரிவையும்தான்.

5. அறிவிலிருந்து எதிர்நோக்கிற்கு

இரண்டாம் வத்திக்கான் சங்கம் லிம்போவை வரையறுக்கவில்லை. 1965இல் அச்சங்கம் வெளியிட்ட இன்றைய உலகில் திருச்சபை பற்றிய கொள்கைத்திரட்டு, கிறித்து அனைவருக்காகவும் இறந்தமையால், கடவுளுக்கே தெரிந்த வழியில் அனைவருக்கும் அவருடைய பாஸ்கா மறைபொருளில் பங்குபெறும் வாய்ப்பைத் தூய ஆவியார் அளிக்கிறார் என்று கற்பித்தது (எண் 22). 1969இல் திருத்தப்பட்ட அடக்கச் சடங்கு, திருமுழுக்குக்கு முன் இறந்த குழந்தைக்கான இறைவேண்டல்களைச் சேர்த்தது. 1983இன் சட்டத் தொகுப்பு, பெற்றோர் திருமுழுக்கு அளிக்க எண்ணியிருந்த குழந்தைக்குத் திருச்சபை அடக்கம் வழங்க ஆயர் இசைவு தரலாம் என்றது (விதி 1183). 1992இன் திருச்சபை மறைக்கல்வி நூல் லிம்போவைப் பற்றிப் பேசாது, அக்குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைப்பதையே கூறுகிறது (எண் 1261).

பன்னாட்டு இறையியல் ஆணையம் 2004இல் தொடங்கிய ஆய்வின் பயனாக ஓர் ஆவணத்தை உருவாக்கியது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் இசைவளித்தபின் 2007 ஏப்ரலில் அது வெளியாயிற்று. திருமுழுக்கின்றி இறக்கும் குழந்தைகள் மீட்புற்றுப் பேரின்பக் காட்சியை அடைவர் என எதிர்நோக்க இறையியல், வழிபாட்டு அடிப்படைகள் உள்ளன என்பது அதன் முடிவு. அவை உறுதியான அறிவுக்குரிய அடிப்படைகள் அல்ல என்பதையும் அதுவே தெளிவாக்குகிறது. லிம்போ வழிபாட்டில் ஒருபோதும் இடம்பெறவில்லை என்பதும், நீரால் திருமுழுக்குப் பெறாத பெத்லகேம் மாசில்லாக் குழந்தைகளைத் திருச்சபை புனிதராகப் போற்றிவருவதும் அதன் வாதத்தில் இடம்பெறுகின்றன. அதே வேளையில் லிம்போ இறையியலார் கொள்ளக்கூடிய ஒரு கருத்தாக இன்னும் நிற்கிறது. திருமுழுக்கின் தேவையும் குறைக்கப்படவில்லை. எனவே 'லிம்போ ஒழிக்கப்பட்டது' என்னும் பரவலான கூற்று பிழையானது.

6. தமிழ்க் கலைச்சொல் சிக்கல்

இவ்வேறுபாட்டைத் தமிழில் கூறுவோர் ஒரு சொல்லில் விழிப்புடன் இருத்தல் வேண்டும். பழைய கத்தோலிக்கத் தமிழில் முப்பெரும் இறைப்பண்புகள் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என வழங்கின. இன்றைய கத்தோலிக்க வழக்கில் அவை நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு எனப்படுகின்றன. அதாவது, முன்பு இரண்டாம் பண்பைக் குறித்த 'நம்பிக்கை' இன்று முதற்பண்பைக் குறிக்கிறது.

'இக்குழந்தைகள் மீட்படைவர் என்பது திருச்சபையின் நம்பிக்கை' என்னும் தொடரைக் கொள்வோம். பழைய வழக்கில் இது 2007 ஆவணத்தின் நிலையைச் சரியாகவே உணர்த்தும். புதிய வழக்கிலோ, இது ஏற்றேயாகவேண்டிய விசுவாசக் கோட்பாடு என்று பொருள்படும். ஆணையம் கூற மறுத்ததும் அதுவே. ஒரே தொடர் காலத்திற்கேற்ப இரு நிலைப்பாடுகளைத் தருகிறது. ஆகவே சமயத் தமிழ் நூல்களை ஆய்வோர் இச்சொல்லைக் காணுமிடத்து, அது எந்த வழக்கைச் சார்ந்தது என்பதைக் காலமும் சூழலும் நோக்கித் துணிதல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. முதலாவது, லிம்போ அகுஸ்தினாரின் கடுமையைத் தணிக்க எழுந்தது. பின்னர் அதுவே கடுமையாக உணரப்பட்டது. இரண்டாவது, அது எக்காலத்தும் வரையறுக்கப்பட்ட கோட்பாடன்று. அதனால் விசுவாசத்தில் முரணின்றி அதனைக் கடந்து செல்லத் திருச்சபைக்கு இயன்றது. மூன்றாவது, மாற்றத்திற்கான உந்துதல் இறையியலாரிடமிருந்து மட்டும் வரவில்லை. இறகின் அசைவுக்காகக் காத்திருந்த பெற்றோரும், பெயரற்ற கல்லை நட்டுச் சென்றோரும் ஏட்டின் விடையைத் தம் செயலால் ஏற்க மறுத்தவர்களே. நான்காவது, இன்றைய நிலைப்பாடு உறுதிமொழியன்று, எதிர்நோக்கு. இதனைப் பிழையின்றி உணர்த்தத் தமிழ்க் கலைச்சொற்களின் வரலாற்றறிவு தேவை. தமிழ் மறைக்கல்வி ஏடுகளில் இச்சொற்களின் ஆட்சியைக் கால அடிப்படையில் தொகுத்து ஆராய்வது இத்துறையில் அடுத்துச் செய்யத்தக்க பணியாகும்.