அப்பாவோட கால் புண்ணும் ஒரு தவளையும்: நம்ம தோலே தயாரிக்கிற ஆன்டிபயாடிக்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடை ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் தயங்கினேன், ஏன்னா இது எங்க வீட்டு விஷயம். அப்பாகிட்டயே கேட்டேன். "சொல்லேன்டா, நாலு பேருக்கு உபயோகமா இருக்கட்டும்"னு சொல்லிட்டார். அதனால சொல்றேன்.

அப்பாவுக்கு ரொம்ப வருஷமா சுகர். போன வருஷம் புதுச் செருப்பு வாங்கினார். வார் உரசி, சுண்டு விரலுக்குப் பக்கத்துல லேசா தோல் உரிஞ்சிடுச்சு. மிளகு அளவுதான். ஒரு நாள் மஞ்சள் வெச்சார், இன்னொரு நாள் காபித்தூள் வெச்சார். வீட்ல யார்கிட்டயும் சொல்லல. மூணு வாரம் கழிச்சு, துவைக்கப் போட்ட சாக்ஸ்ல கறை இருக்கிறதைப் பார்த்து அம்மாதான் கண்டுபிடிச்சாங்க. "ஏம்பா சொல்லல?"ன்னு கேட்டா, "வலிக்கவே இல்லடா. வலிச்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?"ங்கிறார்.

இதுல என்னைக் குடைஞ்ச விஷயம் வேற. அதே மாசம் வெங்காயம் நறுக்கும்போது எனக்கும் விரல்ல நல்ல வெட்டு. தண்ணியில கழுவி, ஒரு பிளாஸ்திரி ஒட்டிட்டு ஆபீஸ் வேலையைப் பார்த்தேன். ஒரு வாரத்துல மூடிடுச்சு. கத்தியில, கட்டையில, என் தோல் மேலயே எவ்வளவு பாக்டீரியா இருந்திருக்கும்! நான் ஒரு ஆன்டிபயாடிக்கும் போடல. அப்போ அதையெல்லாம் யார் சமாளிச்சா? அப்பா கால்ல மட்டும் ஏன் அது நடக்கல? இன்னைக்கு எபிசோட் இதைப் பத்திதான்.

அழுக்குத் தண்ணியில நீந்தின தவளை

1980-கள்ல அமெரிக்காவோட தேசிய சுகாதார நிறுவனத்துல மைக்கேல் ஸாஸ்லாஃப்னு ஒரு ஆய்வாளர் இருந்தார். அவர் பண்ணிட்டிருந்தது மரபணு ஆராய்ச்சி. அதுக்கு முட்டைகள் வேணும்னு ஆப்பிரிக்க நகத்தவளைகளோட வயித்தைக் கீறி, சூலகத்துல இருந்து எடுப்பார். தையல் போட்டுத் திரும்பத் தொட்டியில விட்டுடுவார். அந்தத் தொட்டித் தண்ணி ஒண்ணும் சுத்தமானது கிடையாது, முழுக்கக் கிருமி. ஆனா தவளைகளோட காயம் சீழ் வைக்காம அழகா ஆறிட்டே இருந்துச்சு.

ஆய்வுக்கூடத்துல எல்லாரும் தினம் பார்க்கிற காட்சிதான் இது. ஸாஸ்லாஃப் மட்டும் நின்னு "ஏன்?"னு கேட்டார். தவளைத் தோலை ஆராய்ஞ்சதுல, பாக்டீரியாவைக் கொல்லக்கூடிய ரெண்டு சின்ன மூலக்கூறுகள் கிடைச்சுது. ஒவ்வொண்ணும் 23 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. 1987-ல வெளியிட்டு, 'மகைனின்'னு பேர் வெச்சார். ஹீப்ரூ மொழியில 'மாகேன்'னா கேடயம்.

இவர்தான் முதல் ஆள்னு சொல்ல முடியாது. ஸ்வீடன்ல ஹான்ஸ் பூமன் குழு 1981-லயே ஒரு பட்டுப்பூச்சி இனத்துல இருந்து இப்படி ஒண்ணைப் பிரிச்சிருந்தாங்க. அமெரிக்காவுல ராபர்ட் லேரர் குழு 1985-ல மனுஷ வெள்ளணுக்கள்லயே கண்டுபிடிச்சு, 'டிஃபென்ஸின்'னு பேர் வெச்சாங்க. இந்தக் குடும்பத்துக்கு மொத்தமா ஆன்டிமைக்ரோபியல் பெப்டைடுகள்னு பேர். புரதம்னா அமினோ அமிலங்களோட நீளமான சங்கிலி. பெப்டைடுன்னா குட்டிச் சங்கிலி. அவ்வளவுதான்.

நம்ம உடம்புல இதுல நிறைய வகை இருக்கு. தோல், வாய், குடல், கண்ணீர், வியர்வை, எல்லாத்துலயும். ஆன்டிபாடி உருவாகக் கிருமியை முதல்ல பார்த்து, அடையாளம் கண்டு, தயார் பண்ண நாள்கணக்காகும். இது அப்படி இல்ல. பிறவியிலேயே வர்ற நோய் எதிர்ப்பு. கிருமி யாருன்னு கேட்காமலே வேலையை ஆரம்பிச்சிடும்.

கொல்றது எப்படி?

இந்த எபிசோடோட ஹீரோ பேர் எல்எல்-37. ரெண்டு லியூசின் அமிலத்துல ஆரம்பிக்குது, அதனால 'எல்எல்'. மொத்தம் 37 அமினோ அமிலம், அதனால '37'. பேர் வைக்கிறதுல நம்ம டெவலப்பர்களை விட இவங்க பரவாயில்ல.

வெள்ளணுக்கள் இதை ஒரு பெரிய புரதத்தோட வால்ல ஒட்டி, உறை போட்ட கத்தி மாதிரி வெச்சிருக்கும். தேவைப்படும்போது ஒரு நொதி அந்த வாலை வெட்டிவிடும். அப்போதான் எல்எல்-37 செயல்பட ஆரம்பிக்கும். தோல் செல்களும் இதைத் தயாரிக்கும்.

இதுக்கு பாசிட்டிவ் சார்ஜ். பாக்டீரியாவோட மேற்பரப்பு நெகட்டிவ் சார்ஜ். நம்ம செல்களோட வெளிப்பக்கம் கிட்டத்தட்ட நடுநிலை, கூடவே கொலஸ்ட்ரால் சேர்ந்து அதைக் கெட்டியாக்குது. அதனால பெப்டைடு பெரும்பாலும் பாக்டீரியா மேலதான் போய் ஒட்டும். ஒட்டினதும் ஸ்பிரிங் மாதிரி சுருண்டுக்கும். அந்தச் சுருளோட ஒரு பக்கம் தண்ணிக்கு ஒத்துப்போகும், இன்னொரு பக்கம் எண்ணெய்க்கு. செல்லோட சவ்வு எண்ணெய்த்தன்மை உள்ளது, அதனால எண்ணெய்ப் பக்கத்தை உள்ளே சொருகும். நிறைய சேர்ந்து சொருகினா சவ்வு ஓட்டையாகி, பாக்டீரியா உள்ளே இருக்கிறது வெளியே கசிஞ்சு செத்துடும்.

"அப்போ பாக்டீரியாவால இதைத் தாண்டவே முடியாதா?"ன்னு கேட்டா, முடியும். காயத்துல அடிக்கடி வர்ற ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், தன் சவ்வோட சார்ஜையே கொஞ்சம் மாத்தி பெப்டைடை ஒட்டவிடாமப் பண்ணும். பெப்டைடை வெட்டிப்போடற நொதியையும் சுரக்கும். பல கோடி வருஷமா நடக்கிற சண்டை இது.

ரெண்டாவது வேலை

இவ்வளவு படிச்சப்போ எல்எல்-37 ஒரு வாட்ச்மேன்னு நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சது, அதுவே கொத்தனார் வேலையும் பார்க்குது.

காயம் பட்டதும் அந்த ஓரத்துல இருக்கிற தோல் செல்கள் நகர்ந்து வந்து இடைவெளியை மூடணும். "நகரு"ன்னு சமிக்ஞை கொடுக்கிறதுல எல்எல்-37-க்குப் பங்கு இருக்கு. புது ரத்தக்குழாய் முளைக்கவும் தூண்டுது. வேற வெள்ளணுக்களை "இங்க வா"ன்னு கூப்பிடுது. கொல்றதும் கட்டறதும் ஒரே மூலக்கூறு.

ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் 2003-ல இதை மனுஷத் தோல்லயே பார்த்தாங்க. புதுக் காயத்துல எல்எல்-37 வேகமா ஏறி, முதல் ரெண்டு நாள்ல உச்சத்தைத் தொட்டு, காயம் மூடினதும் பழைய அளவுக்கு இறங்கிடுச்சு. மாசக்கணக்கா ஆறாத கால் புண்களைப் பார்த்தா, புண்ணோட ஓரத்துத் தோல்ல அது இல்லவே இல்ல. 2012-ல மெக்சிகோ ஆய்வாளர்கள் சர்க்கரை நோயாளிகளோட பாதப் புண்ணை எடுத்துப் பார்த்தாங்க. வேற சில பெப்டைடுகள் அதிகமாவே இருந்துச்சு. எல்எல்-37 குறைவு, இல்லன்னா இல்லவே இல்ல.

இது இல்லாமப் போனா என்ன ஆகும்ங்கிறதுக்கு இன்னொரு சாட்சியும் இருக்கு. காஸ்ட்மன் நோய்னு ரொம்ப அபூர்வமான ஒரு பிறவிக் கோளாறு. அந்தக் குழந்தைகளுக்கு நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளணு சரியா உருவாகாது. இப்போ மருந்து கொடுத்து எண்ணிக்கையை ஏத்திடறாங்க, உயிரைக் காப்பாத்திடறாங்க. ஆனாலும் சின்ன வயசுலயே ஈறு அழுகிப் பல் போற பிரச்சினை விடல. 2002-ல வந்த ஒரு ஸ்வீடன் ஆய்வு காரணத்தைக் காட்டுச்சு: செல் எண்ணிக்கை வந்துடுச்சு, ஆனா அதுக்குள்ள எல்எல்-37 இல்ல. படை இருக்கு, கையில ஆயுதம் இல்ல.

இங்க ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன். அப்பா புண் ஆறாததுக்கு இந்தப் பெப்டைடு மட்டும் காரணம் இல்ல. சுகர் நரம்பைக் கெடுத்து உணர்ச்சியைக் குறைக்கும், அதனாலதான் அவருக்கு வலிக்கல. பாதத்துக்கு ரத்த ஓட்டம் குறையும். வெள்ளணுக்களும் மந்தமாகும். பெப்டைடு குறையறது இந்த வரிசையில ஒரு கண்ணி.

அப்போ க்ரீமா பூசினா போதுமே?

எனக்கும் உடனே இதான் தோணுச்சு. ஸாஸ்லாஃபுக்கும் தோணுச்சு. மகைனினைக் கொஞ்சம் மாத்தி 'பெக்ஸிகனன்'னு ஒரு க்ரீம். அதைச் சோதிச்சது வேற எதுக்கும் இல்ல, கிருமி தொத்தின சர்க்கரை நோய்ப் பாதப் புண்ணுக்குத்தான்! 800-க்கும் மேற்பட்ட நோயாளிகள் கிட்ட, ஓஃப்லாக்சசின் மாத்திரையோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. ரெண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் கொடுத்துச்சு. ஆனா 1999-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுக்கல. 2016-ல வேற ஒரு நிறுவனம் திரும்பச் சோதிச்சுது. இந்தத் தடவை மருந்தே இல்லாத வெறும் க்ரீமை விட மேலா வரல.

எல்எல்-37-ஐயே பூசிப் பார்த்ததும் உண்டு. 2014-ல ஸ்வீடன்ல இருந்து வந்த ஒரு சின்ன ஆய்வு, 34 பேர். இவங்களுக்கு இருந்தது சிரைக் கோளாறால வர்ற கால் புண். மூணு அளவுல கொடுத்தாங்க. குறைஞ்ச ரெண்டு அளவுலயும் புண் சீக்கிரம் சுருங்குச்சு. அதிகபட்ச அளவுல? ஒரு வித்தியாசமும் இல்ல. அப்புறம் நடந்த பெரிய ஆய்வுல, எல்லா நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தா தெளிவான பலன் தெரியல.

ஏன் இவ்வளவு கஷ்டம்? நாள்பட்ட புண்ணுல புரதத்தைச் சிதைக்கிற நொதிகள் நிறைய இருக்கும். பூசின பெப்டைடையும் தின்னுடும். அதைவிடப் பெரிய காரணம், எல்எல்-37 அளவு மீறினா நம்மளையே பாதிக்கும். சொரியாசிஸ் வந்த தோல்ல இது ஏராளமா இருக்கு. செத்த செல்கள்ல இருந்து வர்ற நம்ம சொந்த டிஎன்ஏவோட அது ஒட்டிக்கிட்டு, நோய் எதிர்ப்புச் செல்களை வீணா உசுப்பி விடுதுன்னு 2007-ல காட்டினாங்க. ரோசேசியாங்கிற முகச் சிவப்பு நோய்லயும் இதோட கோளாறான வடிவம் இருக்கு.

அதனால யாராவது "இம்யூனிட்டி பூஸ்டர்"னு ஒரு டப்பாவை நீட்டினா, "எதை பூஸ்ட் பண்ணுது, எந்த இடத்துல, எவ்வளவு நேரம்?"னு கேளுங்க. உடம்பு அந்தப் பெப்டைடை ரெண்டு நாள் ஏத்திட்டு இறக்குது. அந்த இறக்கமும் வைத்தியத்துல சேர்த்தி.

அப்பா இப்போ எப்படி இருக்கார்?

டாக்டர் புண்ணைச் சுத்தம் பண்ணி, ஓரத்துல இருந்த செத்த சதையை எடுத்தார். "புண்ணு மேல பாரம் விழக்கூடாது சார்"னு சொல்லி வேற மாதிரி செருப்பு எழுதிக் கொடுத்தார். சுகரைக் கட்டுக்குள்ள கொண்டு வந்தாங்க. தொற்று இருந்ததால ஆன்டிபயாடிக்கும் கொடுத்தாங்க. அப்பா "மஞ்சள்தானே டாக்டர் வெச்சேன்?"னு கேட்டதுக்கு, "சமையலுக்கு வைங்க சார். புண்ணுல பொடியைக் கொட்டினா உள்ளே என்ன நடக்குதுன்னே எனக்குத் தெரியாது"ன்னார். முழுசா ஆற 11 வாரம் ஆச்சு. விரல் தப்பிச்சுது. இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா எலும்புக்குப் போயிருக்கலாம்னு சொன்னார். அன்னைக்கு பைக்ல திரும்பி வரும்போது நாங்க ரெண்டு பேரும் எதுவும் பேசிக்கல.

இப்போ தினம் ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் அப்பா சோபாவுல காலை நீட்டுவார். நான் போன்ல டார்ச் போட்டு உள்ளங்கால், விரலிடுக்கு, குதிகால் எல்லாம் பார்ப்பேன். ரெண்டு நிமிஷ வேலை. முதல்ல "விடுடா, கால்ல எல்லாம் கை வெக்காத"ன்னு கூச்சப்பட்டார். இப்போ நான் மறந்தா அவரே "டேய், இன்ஸ்பெக்‌ஷன் டைம்"னு கூப்பிடறார்.

2023-ல வந்த ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி இந்தியாவுல சுகர் இருக்கிறவங்க சுமார் 10 கோடி பேர். இதைக் கேட்கிற உங்கள்ல நிறைய பேர் வீட்ல ஒருத்தராவது இருப்பாங்க. அவங்க "வலிக்கல"ன்னு சொன்னா அதை நல்ல சேதின்னு எடுத்துக்காதீங்க. இன்னைக்கு ராத்திரி ஒரு தடவை அவங்க காலைப் பாருங்க. சின்னதா உரிசல், கொப்புளம், நிறம் மாறின இடம் எது இருந்தாலும் நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க. ஊர்ல தனியா இருந்தாங்கன்னா வீடியோ கால்ல காட்டச் சொல்லுங்க, கண்ணுக்கு எட்டாத உள்ளங்காலுக்கு ஒரு கண்ணாடி வாங்கி அனுப்புங்க.

பார்த்துட்டு என்ன ஆச்சுன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.