திமிலுக்கு எத்தனை மதிப்பெண்?

நெல்லூர்ப் பசு ஒன்று பிரேசிலில் நாற்பது கோடி ரூபாய்க்கு விலைபோன செய்தி உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்திருக்கும். 'நம்ம மாட்டோட அருமை நமக்குத்தான் தெரியல' என்ற புலம்பலும் கூடவே வந்திருக்கும். வாணியம்பாடி வாசகர் ஒருவர் அதை எனக்கு அனுப்பிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "சார், இதோட கறி எப்படி இருக்கும்?"

பெருமைப்பட்ட யாருக்கும் தோன்றாத கேள்வி. ஆனால் மாடு வளர்ப்பவருக்கும் கறி வாங்குபவருக்கும் நடுவில் உள்ள நெடுநாள் வழக்கே இதில்தான் இருக்கிறது.

முதலில் அந்த நாற்பது கோடி. வியாடினா-19 என்ற அந்தப் பசுவை யாரும் முழுதாக வாங்கவில்லை. 2023இல் ஏலம் போனது மூன்றில் ஒரு பங்கு உரிமை மட்டும், சுமார் 70 லட்சம் ரெயாலுக்கு. அதை மூன்றால் பெருக்கினால் கின்னஸ் சாதனை, ரூபாய்க்கு மாற்றினால் தலைப்புச் செய்தி. பசுவின் எடை 1,100 கிலோ, அதன் இனத்துச் சராசரியைப்போல் இரண்டு மடங்கு. கொடுத்த காசு கறிக்கல்ல, கருமுட்டைக்கு.

வரலாறு இல்லாமல் கட்டுரையா என்பவர்களுக்கு ஒரு பத்தி. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர், ஓங்கோல் பக்கத்து மாடுகள் 19ஆம் நூற்றாண்டிலேயே கப்பலேறிப் பிரேசிலில் 'நெலோர்' ஆயின. 1960களில் இன்னொரு தொகுதி போனது. அமெரிக்கர்கள் பல இந்திய இனங்களைக் கலந்து 'பிராமன்' என்ற இனத்தை உருவாக்கினார்கள். 1933இல் அது ஆஸ்திரேலியாவின் வடபகுதிக்குப் போய்ச் சேர்ந்தது. ஐரோப்பிய மாடுகள் மூச்சிரைத்து, உண்ணி மொய்த்துச் சுருண்ட வெயிலில் திமில் மாடுகள் சாவகாசமாக மேய்ந்தன. பண்ணைக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

கடையில் வாங்கியவர்தான் மென்று மென்று தாடை வலித்தார். ஏன் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

தசை நார் ஒரு கல்யாணப் பந்தல். வரிசையாகச் சவுக்குக் கம்புகள். அவற்றை இழுத்துப் பிடிக்கும் கயிறுகள். டைட்டின், டெஸ்மின் போன்ற புரதங்களே அந்தக் கயிறுகள். கல்யாணம் முடிந்தது, அதாவது மாடு அறுக்கப்பட்டது. சில மணி நேரத்தில் தசை விறைக்கிறது. அந்த நேரத்துக் கறியைக் கடிப்பது, கட்டிய பந்தலைக் கடிப்பதுதான். இதற்குள் செல்லில் கால்சியம் கசியத் தொடங்குகிறது. அது விசில். விசில் சத்தத்துக்குக் கால்பெயின் என்ற நொதி கத்தியோடு வந்து கயிறுகளை அறுக்கிறது. கம்புகள் அங்கேயேதான் இருக்கும், ஒன்றையொன்று பிடித்திருக்காது. கறி பதமாவது இப்படித்தான்.

ஆனால் பந்தலுக்கு ஒரு மேஸ்திரி உண்டு. பெயர் கால்பஸ்டாட்டின். கயிற்றை அறுக்க வருபவனின் கையைப் பிடிப்பது ஒன்றே அவர் வேலை. அவருக்கு நாலு கை. கைக்கு ஒரு கால்பெயின் என்று பிடிப்பார். மிகைப்படுத்தவில்லை, அந்த மூலக்கூறில் தடுக்கும் பகுதிகள் நான்கு. ஆட்களை எழுப்பும் அதே கால்சியம் விசில்தான் மேஸ்திரியையும் எழுப்புகிறது. நாளாக ஆக, ஆட்கள் மேஸ்திரியையே வெட்டுவார்கள். கடைசியில் தங்களையே வெட்டிக்கொண்டு அடங்குவார்கள். நிஜப் பந்தலில் இது நடந்தால் போலீஸ் வரும். ஆகவே உவமையைக் கொஞ்சம் ஓரங்கட்டுகிறேன்.

திமில் மாட்டுக் கறியில் மேஸ்திரியின் கை ஓங்கியிருக்கிறது. அமெரிக்காவில் நெப்ராஸ்காவின் க்ளே சென்டரில் உள்ள அரசு ஆய்வு நிலையம் இதை அளந்து காட்டியது.

மேஸ்திரியை வில்லனாக்கவும் முடியாது. உயிருள்ள தசையிலும் இதே ஆட்கள் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். பிரிப்பது குறைந்தால் அதே தீவனத்தில் தசை கூடுதலாகச் சேரும். 1983இல் ஓக்லஹோமாவில் 'சாலிட் கோல்ட்' என்று பெயரிட்ட செம்மறிக் கிடா ஒன்று பிறந்தது. பின்பக்கம் பெருத்து, கொழுப்புக் குறைந்து, தீவனமும் மிச்சம். அழகிய பிட்டம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அந்த மரபணு மாற்றத்துக்குக் 'காலிபீஜ்' என்று பெயர் வைத்தார்கள். வளர்த்தவருக்கு லாபம், முதுகுக் கறியோ ரப்பர். சோதித்தால் கால்பஸ்டாட்டின் எக்கச்சக்கம். பண்ணையில் வரவாக எழுதிய கணக்கு, தட்டில் செலவாகிவிட்டது.

இதைத் தீர்க்க மரபணுச் சோதனை வந்துவிட்டது என்று 2000களில் ஒரு பரபரப்பு. கால்பெயின், கால்பஸ்டாட்டின் மரபணுக்களைப் பார்த்து மாட்டுக்கு நட்சத்திரம் கொடுத்தார்கள். அந்த மரபணுக்களுக்குப் பங்கு உண்டுதான், ஆனால் சின்னப் பங்கு. லாரியில் மிரண்டு வந்த மாடு, அவசரமாகக் குளிரவைத்த உடல், இரண்டே நாளில் விற்ற கறி என்றால் எத்தனை நட்சத்திரம் இருந்தும் பயனில்லை.

பலன் தந்தவை சாதாரண வேலைகள். பிரேசிலில் நெலோர் பசுக்களுக்கு ஆங்கஸ் என்ற ஐரோப்பிய இனத்தின் விந்தைச் செலுத்துகிறார்கள். அந்த வெயிலில் ஆங்கஸ் காளை அல்லாடும், உறைந்த விந்துக்கு அந்தக் கவலை இல்லை. கன்று, தாயின் தாக்குப்பிடிப்பில் பாதியையும் தகப்பனின் மென்மையில் பாதியையும் கொண்டுவரும். அறுத்த உடலைக் குதிகாலில் தொங்கவிடாமல் இடுப்பெலும்பில் தொங்கவிட்டால் முக்கியமான தசைகள் சுருங்காமல் நீண்டபடியே விறைக்கும். செலவு ஒரு கொக்கி. பிறகு குளிர் அறையில் இரண்டு வாரம். கயிறு அறுக்கும் வேலையில் பெரும்பகுதி அதற்குள் முடிந்துவிடும்.

ஆஸ்திரேலியர்கள் 1990களில் இன்னும் ஒரு படி போனார்கள். நிபுணர்களை விட்டுவிட்டுச் சாதாரண வாடிக்கையாளர்களை உட்காரவைத்துத் தின்னச் சொன்னார்கள். இதுவரை ஒரு லட்சம் பேருக்கு மேல். அந்தத் தரவிலிருந்து பிறந்த தரமுறை, மாட்டுக்கு ஒரே மதிப்பெண் போடாது. இந்தத் துண்டை வறுத்தால் இத்தனை, அடுப்பில் வாட்டினால் இத்தனை என்று தனித்தனியாகப் போடும். அதற்காக அறுத்த உடலில் அளப்பவற்றில் ஒன்று திமிலின் உயரம்! திமில் உயர்ந்தால் மதிப்பெண் இறங்கும். நாம் மாட்டுப் பொங்கலன்று பூச்சூட்டும் இடத்தில் அவர்கள் ஸ்கேலை வைக்கிறார்கள்.

வாணியம்பாடிக்காரருக்குப் பதில்: வியாடினாவின் கறியை யாரும் தின்னப்போவதில்லை. அதன் பேரக் காளைகளின் கறியோ, இரண்டு வாரம் குளிரில் கிடந்தால் நன்றாகவே இருக்கும். நம்மூரில் அதற்கு வழியில்லை. விடிகாலையில் அறுத்ததை, கொக்கியில் இன்னும் சூடு ஆறாமல் துடிக்கும்போதே எடை போட்டு விற்றுவிடுவார்கள். ஆட்கள் பந்தலுக்கு வந்து சேருமுன் குக்கர் விசில் அடித்துவிடுகிறது. ஆகவே அம்மா செய்ததையே செய்யுங்கள்: பப்பாளிக்காயை அரைத்துத் தடவி அரைமணி நேரம் ஊறவிடுங்கள். அதிலிருக்கும் பப்பெயின் கால்பெயினின் சாயல் கொண்டது. கால்பெயின் என்ற பெயரின் வால் அதனிடமிருந்து வந்ததுதான். வெளியூர்க் கூலியாளான அவனை மேஸ்திரியின் நாலு கையாலும் பிடிக்க முடியாது.