சதையின் நூலுக்குத் தேதி குத்துவது யார்?

மூட்டை தூக்குகிறவரின் தோள் விம்முகிறது. டைப் அடிப்பவரின் விரல் ஓடுகிறது. இரண்டுக்கும் அடிப்படையான பொருள்களில் ஒன்று ஆக்டின்.

இது ஒரு புரதம். சதையில் மட்டும் அல்ல, உடம்பின் அநேகமாக எல்லா உயிரணுக்களிலும் இருக்கிறது. தனித்தனி மணிகளாக மிதக்கும். வேளை வந்தால் மணியோடு மணி கோத்துக்கொண்டு நூலாக நீளும். வேலை முடிந்தால் அவிழ்ந்து மறுபடி மணியாகிவிடும்.

எப்போது கோத்துக்கொள்வது, எப்போது அவிழ்வது என்று இந்த மணிகளுக்கு எப்படித் தெரிகிறது?

யுத்த காலத்தில் கண்டது

ஹங்கேரி நாட்டில் செகெட் என்று ஓர் ஊர். அங்கே பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் சென்ட் ஜியார்ஜி என்ற விஞ்ஞானி இருந்தார். அந்த ஊரில் மலிந்து கிடந்த மிளகாயிலிருந்து வைட்டமின் 'சி'யைக் கிலோக் கணக்கில் எடுத்துக் காட்டியவர். 1937-ல் நோபல் பரிசு பெற்றவர்.

பிறகு அவர் கவனம் சதையின் பக்கம் திரும்பியது. அப்போது இரண்டாவது உலக யுத்தம். அவருடைய ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த புரூனோ ஸ்ட்ராப் என்ற இளைஞர், 1942-ல் முயல் சதையை அரைத்து, அசிட்டோனில் கழுவி, உலர்த்திப் பொடியாக்கினார். பொடியைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்தார். வடிநீர் தண்ணீராகவே இருந்தது. அதில் கொஞ்சம் உப்பைச் சேர்த்தார். கஞ்சிபோல் கெட்டியாகிவிட்டது!

மணிகள் நூலாகிவிட்டன. அதுதான் ஆக்டின்.

யுத்தம் முடிந்த பிறகே இந்தச் செய்தி வெளி உலகத்துக்கு நன்றாகத் தெரிந்தது. ஸ்ட்ராபின் பொடி முறையை இன்றும் ஆராய்ச்சிக் கூடங்களில் பின்பற்றுகிறார்கள். அவரே 1988-ல் ஹங்கேரி நாட்டின் தலைவர் பதவிக்கு வந்தார் என்பது தனிக் கதை.

பிளவுக்குள் குடியிருப்பவர்கள்

1950-ல் ஸ்ட்ராபும் அவருடைய சகாவும் இன்னொன்றைக் கண்டார்கள். ஒவ்வொரு ஆக்டின் மணிக்குள்ளும் ஒரு நியூக்ளியோடைட் உட்கார்ந்திருக்கிறது. அடினோசின் டிரைபாஸ்பேட் என்று பெயர். மூன்று பாஸ்பேட் கொண்ட வால் உடையது. ஒரு பாஸ்பேட் கழன்றால் மிஞ்சுவது டைபாஸ்பேட். இரண்டையும் ஆங்கில எழுத்தில் சுருக்கித் தமிழில் எழுதினால் 'ஏ.டி.பி.' என்றே வந்து குழப்பும். ஆகவே மூன்று வால், இரண்டு வால் என்று வைத்துக்கொள்வோம்.

அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது 1990-ல் தெளிவாயிற்று. ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் வுல்ஃப்காங் கப்ஷ், கென்னத் ஹோம்ஸ் முதலியோர் எக்ஸ்-ரே மூலம் ஆக்டினின் உருவத்தை வரைந்தார்கள். பிட்டுப் பார்த்த மொச்சைக்கொட்டை மாதிரி இரண்டு பாதி. அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவே பிளவு. அந்தப் பிளவின் அடியில்தான் நியூக்ளியோடைட்.

கூடவே ஓர் உலோக அயனியும் இருக்கிறது. பாஸ்பேட் வால் முழுவதும் எதிர் மின்னேற்றம். உலோக அயனியோ நேர் மின்னேற்றம் உடையது. வாலை அதுதான் பிடித்து நிறுத்துகிறது. உலோகத்தை ரசாயனம் போட்டு உருவிவிட்டால் நியூக்ளியோடைட்டும் நழுவிவிடும். இரண்டும் போன மணி சீக்கிரமே குலைந்துபோகும். வெந்த முட்டையை மறுபடி பச்சை முட்டையாக்க முடியாதல்லவா? அதே கதைதான்.

எந்த உலோகம்? சோதனைக் குழாயில் பெரும்பாலும் கால்சியம் இருக்கும். அது இன்னும் இறுக்கமாகவே பிடிக்கும். ஆனால் உயிரணு தனக்குள் கால்சியத்தை மிகக் குறைவாகவே விட்டுவைக்கிறது. மெக்னீசியமோ அதைப்போல் பல ஆயிரம் மடங்கு. ஆகையால் உடம்புக்குள் இடம் பிடிப்பது மெக்னீசியம். நூல் வேகமாகக் கோப்பதும் மெக்னீசியம் உள்ள மணிகள்தான். கீரையிலும் கேழ்வரகிலும் இது உண்டு. டானிக் விற்பவரைத் தேடிப் போக வேண்டியதில்லை.

செலவு எதற்கு?

மூன்று வால் உள்ள மணி நூலில் சேர்ந்த சில விநாடிகளில் கடைசி பாஸ்பேட் வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்ட துண்டு உடனே போய்விடாது. சில நிமிஷம் அங்கேயே தங்கி, பிறகு வெளியேறும்.

கோப்பதற்காகத்தான் இந்தச் செலவு என்று தோன்றும். அப்படி இல்லை. மணிகள் ஏராளமாக இருந்தால், இரண்டு வால் உள்ளவையும் நூலாகும். பின் எதற்கு? அந்தக் காலத்து அட்டை டிக்கெட்டில் தேதி குத்துவார்களே, அதற்காக! தேதி குத்துவதால் ரயில் ஓடாது. ஆனால் டிக்கெட் புதிதா பழையதா என்று பார்த்த உடனே தெரியும்.

நூலின் புது முனையில் மூன்று வால். பழைய பகுதியில் இரண்டு வால். கோஃபிலின் என்ற இன்னொரு புரதம் பழைய பகுதியாகப் பார்த்துப் பிடித்து நறுக்குகிறது. கழன்ற மணி பழைய நியூக்ளியோடைட்டை விட்டுவிட்டுப் புதியதை ஏற்றிக்கொண்டு மறுபடி முன்வரிசைக்கு வருகிறது. கிருமியைத் துரத்தும் வெள்ளை அணு ஊர்ந்து முன்னேறுவது இந்த வேலையால்தான். சதையில் உள்ள நூல் இத்தனை சீக்கிரம் அவிழ்வதில்லை. அங்கே மயோசின் என்ற புரதம் அதைப் பிடித்து இழுக்கிறது.

ஒன்று மாறினால்

ஆக்டின் மணியில் 375 அமினோ அமிலங்கள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்றே ஒன்று மாறினாலும் வினை வரலாம். சதையின் ஆக்டினுக்கான மரபணுவில் ஏற்படும் மாற்றத்தால் குழந்தை துவண்ட சதையோடு பிறப்பதை 1999-ல் கண்டுபிடித்தார்கள். பால் உறிஞ்சத் தெம்பு இருக்காது. மூச்சு விடவும் சிரமப்படும். சிலருக்கு 15-வது இடத்தில் கிளைசின் போய் ஆர்ஜினின் வந்திருந்தது. நியூக்ளியோடைட்டின் வால் கிடக்கும் இடமே அதுதான்.

பெரும்பாலான குழந்தைகளில் இந்த மாற்றம் புதிதாக நேர்ந்தது. தாயிடமும் இல்லை, தகப்பனிடமும் இல்லை. சூலியாக இருக்கையில் இதைத் தின்றாள், அதைச் சுமந்தாள் என்று பெற்றவளைக் குற்றம் சொல்வதில் அர்த்தமே இல்லை.

மரபணுச் சோதனையில் இது தெரிந்துவிடும். நோயை வேரோடு நீக்கும் மருந்து இன்னும் வரவில்லை. மூச்சுக்குத் துணைக்கருவி, குழாய் வழி உணவு, கை கால்களுக்குப் பயிற்சி ஆகியவையே இப்போதைய சிகிச்சை.